ஆர்க்கிட்டுக்கு மண் எதற்கு?

பொள்ளாச்சிப் பக்கம் இரண்டு ஏக்கர் தென்னை வைத்திருக்கும் வாசகி ஒருவரிடமிருந்து வந்த கடிதம் இது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவருடைய மகள், பொங்கலுக்கு வந்தபோது ஊதா நிற ஆர்க்கிட் செடி ஒன்றைத் தொட்டியோடு வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். பூ ஒன்றரை மாதம் வாடாமல் நின்றது. பூ முடிந்த பிறகு தொட்டிக்குள் பார்த்தால், கரித்துண்டும் ஓட்டுச் சில்லும் மட்டும்தான் இருந்தன. 'இதில் செடி எப்படிப் பிழைக்கும்' என்று நினைத்த அந்த அம்மா, பெரிய சிமென்ட் தொட்டி ஒன்றில் செம்மண்ணும் மட்கிய சாணமும் கலந்து நிரப்பி, செடியை அதில் ஆழமாக நட்டு, காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மூன்று வாரத்தில் இலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியது. வாட்டம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். இப்போது ஐந்து தண்டில் மூன்று கறுத்துவிட்டன.

"நாற்பது வருஷமா விவசாயம் பார்க்கிறேன். ஒரு தொட்டிச் செடியைக் காப்பாத்த முடியலைன்னு மகள்கிட்ட சொல்லவே வெட்கமா இருக்கு. இனி இதைப் பிழைக்கவைக்க வழி உண்டா?" என்பது அவருடைய கேள்வி.

வழி உண்டு. மீதமுள்ள இரண்டு தண்டுகளும் பச்சையாக, அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருந்தால் அந்தச் செடிக்கு உயிர் இருக்கிறது. வெட்கப்படவும் ஒன்றுமில்லை. மற்ற எல்லாப் பயிருக்கும் சரியாக இருக்கும் கைப்பழக்கம், இந்த ஒரு செடிக்கு மட்டும் நேர்மாறாகப் போய்விட்டது. ஆர்க்கிட் முதன்முதலாக வாங்குகிற விவசாயக் குடும்பங்களில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

மண்ணில் ஏன் அழுகுகிறது?

வீட்டுக்கு வாங்குகிற ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை காட்டில் மரக்கிளைகளின் மேல் வளரும் இனங்களிலிருந்து வந்தவை. மாமரத்தில் வரும் புல்லுருவியைப் போல இவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். மழைத் தண்ணீர், காற்றின் ஈரம், பட்டையின் இடுக்கில் மட்கும் இலைச் சருகு ஆகியவைதான் அவற்றின் உணவு.

அந்த வாழ்க்கைக்கு ஏற்றபடி அமைந்ததுதான் அவற்றின் வேர். வேரைச் சுற்றி வெள்ளையாக, பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கும். மழை பட்டதும் அது தண்ணீரை உறிஞ்சிப் பச்சையாக மாறும். காய்ந்ததும் மறுபடி வெள்ளி நிறத்துக்கு வரும். நனைவதும் காய்வதும் மாறிமாறி நடந்தால்தான் வேர் நலமாக இருக்கும். மண்ணுக்குள் புதைத்தால் அந்த உறை காயவே காயாது. காற்று போகாமல் இரண்டு மூன்று வாரத்தில் வேர் அழுகிவிடும். வேர் போன செடியால் தண்ணீர் குடிக்க முடியாது; அதனால் இலை வாடும். வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றினால் மிச்ச வேரும் போய்விடும். அந்தத் தொட்டியில் நடந்தது இதுதான்.

எந்த ஆர்க்கிட்?

தண்டு தண்டாக, மெலிந்த கரும்பு போலக் கணுவோடு இருக்கும் ஊதாப்பூ ஆர்க்கிட் என்றால் அது பெரும்பாலும் டென்ட்ரோபியம். கல்யாண மேடைகளிலும் பூங்கொத்துகளிலும் பார்ப்பது இதைத்தான். சமவெளியில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றதும் இதுதான். கணுத் தண்டில் தண்ணீரையும் உணவையும் சேர்த்து வைத்துக்கொள்வதால், நான்கைந்து நாள் கவனிக்காமல் விட்டாலும் தாங்கும்.

கடைகளில் அகன்ற இலையும், பட்டாம்பூச்சி போன்ற பெரிய பூவுமாக இருப்பது ஃபெலனாப்சிஸ். பார்க்க அழகு. ஆனால் மறுபடி பூங்காம்பு விட, சில வாரங்களாவது குளிர்ச்சி வேண்டும். ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் சரி. சமவெளி வெயிலில் இலை நன்றாக இருந்தாலும் பூ வருவது சிரமம். தடித்த வேர்கள் தொங்க, வெறும் மரக்கூடையில் தொங்கவிடும் வாண்டா வகைக்குத் தினமும் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும். முதல் செடி டென்ட்ரோபியமாக இருப்பது நல்லது.

தொட்டி மாற்றும் காலம்

நலமாக இருக்கும் செடிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொட்டி மாற்றினால் போதும். தேங்காய் மட்டைத் துண்டு மட்கித் தூளாகும்போதோ, புதுத்தண்டு தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே போகும்போதோ மாற்ற வேண்டும். பூ இருக்கும்போது தொடக்கூடாது. பூ முடிந்து, அடியிலிருந்து வாழையின் பக்கக்கன்று போலப் புதுமுளை கிளம்பி, அதன் அடியில் வேர் நுனி அரை அங்குலம் எட்டிப் பார்க்கும் சமயம்தான் சரியான நேரம். அப்போது மாற்றினால் புதுவேர் நேராகப் புதுக் கலவையைப் பிடித்துக்கொள்ளும். கத்திரி வெயிலையும் அடைமழையையும் தவிர்ப்பது நல்லது.

வேர் அழுகிய செடிக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. கடிதம் எழுதிய அம்மா பருவம் பார்க்காமல் இன்றே செடியை எடுத்துவிட வேண்டும்.

தேவையான பொருட்கள்

எல்லாமே தென்னந்தோப்பு வீட்டில் கிடைப்பவைதான். பக்கவாட்டிலும் அடியிலும் துளை உள்ள 5 அல்லது 6 அங்குல மண் தொட்டி, உடைந்த ஓடு அல்லது செங்கல் துண்டு, கட்டைவிரல் பருமனுக்கு உடைத்த அடுப்புக்கரி, அதே அளவில் நறுக்கிய காய்ந்த தேங்காய் மட்டை, ஒரு மூங்கில் குச்சி, சணல் அல்லது வாழைநார், கூரான கத்தரிக்கோல்.

தேங்காய் மட்டையில் உப்பும் துவர்ப்புச் சாறும் இருக்கும். நறுக்கிய துண்டுகளை ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். பழுப்புச் சாயம் இறங்குவது நின்றால் தயார். கரியைத் தூசி போகக் கழுவிக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: கயிறு திரிக்கும் இடத்தில் கிடைக்கும் நார்க்கழிவைப் போடவே கூடாது. அது நாற்றங்காலுக்கு நல்லது. ஆர்க்கிட் வேருக்குச் சேற்றைப் போலத்தான்.

தொட்டி சிறியதாக இருப்பதே நல்லது. செடியை வைத்தால் இன்னும் இரண்டு தண்டு முளைக்க இடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். பெரிய தொட்டியில் நடுப்பகுதி காயாது.

படிப்படியாக

1. கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி ஆறவைக்க வேண்டும். அழுகிய பாகத்தை வெட்டிய பிறகு, நல்ல பாகத்தைத் தொடுமுன் மறுபடி காட்ட வேண்டும். ஒரு செடியின் நோய் இன்னொன்றுக்குக் கத்தரிக்கோல் வழியாகவே போகும்.

2. செடியை மண்ணோடு எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து மண்ணைக் கரைக்க வேண்டும். இழுத்து உதறக்கூடாது. மண் தொட்டியில் வேர் ஒட்டிக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் ஊறவைத்தால் விடும். அப்படியும் விடாவிட்டால் தொட்டியை உடைத்துவிடலாம்.

3. வேர்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக, வெள்ளையாகவோ பச்சையாகவோ இருப்பது நல்ல வேர். பழுப்பாகி, அழுத்தினால் நசுங்கி, மேல்தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் மிஞ்சுவது செத்த வேர். அதை முழுவதும் வெட்டிவிட வேண்டும்.

4. கறுத்து மெத்தென்று ஆன தண்டுகளை அடியோடு வெட்டி எறிய வேண்டும். இலை இல்லாமல், சுருங்கி, ஆனால் பச்சையாக இருக்கும் பழைய தண்டை வெட்டக்கூடாது. புதுமுளைக்கு உணவு அதிலிருந்துதான் போகிறது.

5. லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கலந்த தண்ணீரில் செடியின் அடிப்பாகத்தைக் கால் மணி நேரம் நனைத்து எடுத்து, நிழலில் அரைநாள் தொங்கவிட வேண்டும். வெட்டுவாய் காய்வதுதான் இங்கே முக்கியம். மிளகுக்கும் பாக்குக்கும் வாங்கி வைத்திருக்கும் போர்டோக் கலவையையோ வேறு தாமிர மருந்தையோ தொடவேண்டாம். டென்ட்ரோபியத்துக்குத் தாமிரம் ஆகாது. இலையும் முளையும் கருகிவிடும்.

6. புதுத் தொட்டியை ஊறவைத்து எடுத்து, மூன்றில் ஒரு பங்கு ஓட்டுச் சில்லு போட வேண்டும். செடியின் பழைய தண்டு தொட்டியின் ஓரத்தை ஒட்டியும், புதுமுளை நடுப்பக்கம் பார்த்தும் இருக்கட்டும். சுற்றிலும் கரி இரண்டு பங்கு, மட்டைத் துண்டு ஒரு பங்கு என்று கலந்து நிரப்ப வேண்டும். மழை அதிகமுள்ள இடத்தில் மட்டையைக் குறைத்துக் கரியைக் கூட்டலாம்.

7. தண்டின் அடிப்பாகம் கலவையின் மேலே உட்கார்ந்திருக்க வேண்டும், புதையக்கூடாது. புதைத்தால் புதுமுளை அழுகும்.

8. மூங்கில் குச்சியை ஊன்றி, தண்டை அதோடு கட்ட வேண்டும். செடி ஆடினால் புதுவேரின் நுனி கரியில் உரசி முறிந்துவிடும். தொட்டி மாற்றிய பிறகு செடி தேறாமல் போவதற்கு இந்த ஆட்டமும் ஒரு முக்கியக் காரணம்.

முதல் ஒரு மாதம்

நட்டவுடன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது நாற்றுக்கு. இங்கே நான்கைந்து நாள் தொட்டிக்குள் தண்ணீரே ஊற்ற வேண்டாம். காலையில் இலையின் மேல் லேசாகத் தெளித்தால் போதும். இரண்டு வாரம் நல்ல நிழலில் வைத்திருந்து, பிறகு மெல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம். புதுவேர் தெரியும்வரை உரம் எதுவும் கூடாது.

வேர் பெரும்பகுதி போன செடி தேற ஆறு மாதம் ஆகலாம். அடுத்த பொங்கலுக்குப் பூக்காமல் போகலாம். அடியில் ஒரு புதுமுளை வந்துவிட்டால் பயமில்லை. சில சமயம் பழைய தண்டின் கணுவிலேயே குட்டிச்செடி முளைக்கும். அதன் வேர் இரண்டு மூன்று அங்குலம் நீளும்வரை தாயோடு விட்டு, பிறகு வெட்டித் தனித் தொட்டியில் வைத்தால் அது இன்னொரு செடி.

அன்றாடப் பராமரிப்பு

வெளிச்சம்: காலை வெயில் சிறிது நேரம் படும் கிழக்குத் தாழ்வாரம் பொருத்தமானது. அல்லது 50 சதவீத நிழல்வலை. தென்னையின் அடியில் ஒளியும் நிழலும் மாறிமாறி விழும் இடமும் சரி. ஆனால் மட்டையும் காயும் விழாத இடமாகப் பார்க்க வேண்டும். இலை கரும்பச்சையாக, கொழுகொழுவென்று இருந்து பூக்காவிட்டால் வெளிச்சம் போதவில்லை. இளம்பச்சை சரியான நிறம். மஞ்சளாகி, இடையிடையே கருகிய திட்டு விழுந்தால் வெயில் அதிகம்.

தண்ணீர்: எப்போதும் காலையில். ஊற்றினால் அடித்துளை வழியாக ஓடும்வரை ஊற்ற வேண்டும். பிறகு காய விட வேண்டும். கோடையில் தினம் ஒருமுறை, மற்ற நாளில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, மழை நாளில் வேண்டவே வேண்டாம். வேர் வெள்ளியாக இருந்தால் ஊற்றலாம், பச்சையாக இருந்தால் காத்திருக்கலாம். தொட்டியின் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேங்கவிடக்கூடாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் வேர் நுனி கருகும். கரியின் மேல் வெள்ளைப் படிவு தெரிந்தால் அதற்கு அடையாளம். ஒரு டிரம்மில் மழைத் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்தால் நாலைந்து செடிக்குப் பல வாரம் வரும்.

உரம்: கொஞ்சமாக, அடிக்கடி. தண்ணீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் வாரம் ஒருமுறை, செடி வளரும் காலத்தில் மட்டும் தெளிக்கலாம். கேரளத்தில் பல வீடுகளில் பசுவின் சிறுநீரை 20 மடங்குக்கு மேல் தண்ணீர் கலந்து தெளிப்பதுண்டு. மாடு வைத்திருப்பவர்கள் அதையே செய்யலாம். காய்ந்த வேரில் உரம் ஊற்றக்கூடாது. முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டுத் தெளிக்க வேண்டும்.

பூச்சி: இரவில் நத்தை வந்து வேர் நுனியைத் தின்னும், தொட்டியைத் தொங்கவிட்டால் பாதித் தொல்லை குறையும். மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் இலை மடிப்பில் ஒளிந்திருக்கும். எறும்பு ஏறினால் அவை இருக்கின்றன என்று பொருள். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலை நேரத்தில் தெளிக்கலாம்.

குழுக்கடனில் 500 செடி வாங்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் கேள்வி வேறு மாதிரியானது. ஒரு முகவர் வந்து, 500 ஆர்க்கிட் செடி வாங்கினால் பூவைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறாராம். வங்கிக் கடன் கைக்கு வந்துவிட்டது. இந்த வாரம் முன்பணம் கேட்கிறார். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட கடன் அது.

முன்பணத்தை இந்த வாரம் கொடுக்க வேண்டாம் என்பதுதான் முதல் பதில். டென்ட்ரோபியம் அந்த மாவட்டத்தின் ஈரக்காற்றுக்கு நன்றாகவே வரும், பயிரில் குறையில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கொடுக்கப்போவது எவ்வளவு வயதுச் செடி? திசு வளர்ப்பில் வந்த இளங்கன்று என்றால் பூக்க ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும். கடன் தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும். ரகத்தின் பெயர் என்ன? ஒரு காம்புக்கு என்ன விலை, அது எத்தனை வருடத்துக்கு? செடி செத்தால் யார் பொறுப்பு? இவையெல்லாம் எழுத்தில் இருக்கின்றனவா? அந்த முகவரிடம் இரண்டு வருடமாகப் பூ கொடுத்து, பணம் வாங்கிய ஒரு விவசாயியை நேரில் பார்க்க முடியுமா? பூவியாபாரிகளுக்குத் தாய்லாந்திலிருந்து விமானத்தில் ஆர்க்கிட் வந்திறங்குகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த விலையோடும் தரத்தோடும்தான் போட்டி.

வெனிலாவும் ஆர்க்கிட் குடும்பத்துக் கொடிதான். 2003 வாக்கில் அதன் விலை உச்சத்தில் இருந்தபோது கேரளத்திலும் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டு மலையடிவாரங்களிலும் எத்தனையோ பேர் கொடி நட்டார்கள். காய் எடுக்கும் நேரத்தில் விலை விழுந்துவிட்டது. வெனிலா நல்ல பயிர்தான். விலை இறங்கினால் யார் தாங்குவது என்று யாரும் முதலில் கேட்கவில்லை.

குழு செய்யக்கூடியது இது: கடன் பணத்தைத் தொடாமல், ஆளுக்கு இரண்டு செடி வாங்கி ஒரு கோடையும் ஒரு மழையும் வளர்த்துப் பார்க்கலாம். அதற்குள் நாகர்கோவில், தோவாளைப் பூவியாபாரிகளிடம் விலை விசாரிக்கலாம். நிழல்வலைக் கூடாரத்துக்கு மானியம் உண்டா, நிபந்தனை என்ன என்று வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு வைக்கலாம். ஒரு வருடம் பொறுக்க முடியாது என்று முகவர் சொன்னால், அந்த அவசரத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

சந்தையில் விற்கும் காட்டுச் செடி

கொல்லிமலை அடிவாரத்திலிருந்து ஒரு வாசகர், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மலை ஆர்க்கிட்டுகளை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வாங்க வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் செடி பெயர்ப்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் சில ஆர்க்கிட்டுகளைத் தனியாகவே பாதுகாக்கிறது. அகத்தியமலையின் மஞ்சள்பூ ஆர்க்கிட்டான பாப்பியோபெடிலம் ட்ரூரி, ஆட்கள் பெயர்த்துப் பெயர்த்தே காட்டில் காண்பதற்கு அரிதாகிவிட்டது. ஆர்க்கிட் விதை தூசி போல இருக்கும். அதற்குள் உணவு கிடையாது. ஏற்ற ஒரு பூஞ்சை துணைக்குக் கிடைத்தால்தான் முளைக்கும். பிடுங்கிய இடத்தில் மறுபடி ஒன்று வளர்ந்து பூக்கப் பல வருடம் ஆகும். தவிர, வேர் அறுந்து வந்த அந்தச் செடிகளில் பெரும்பாலானவை வீட்டில் பிழைப்பதுமில்லை.

காட்டு ஆர்க்கிட்டைப் பார்க்க ஆசைப்பட்டால், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. சொந்தத் தோப்பின் மாமரத்தில் வாண்டா இனம் ஒன்று தானாகவே வளர்ந்திருந்தாலும் வியப்பில்லை. மரத்துக்கு அதனால் கெடுதல் கிடையாது. புல்லுருவி என்று வெட்டி எறியாமல் விட்டுவைக்கலாம். கவாத்து செய்யும் கிளையில் இருந்தால், பட்டையோடு எடுத்துப் பக்கத்துக் கிளையில் தேங்காய் நார்க் கயிற்றால் அசையாமல் கட்ட வேண்டும். மழை தொடங்கும் சமயத்தில் கட்டினால் ஒரே பருவத்தில் வேர் பிடித்துக்கொள்ளும்.

பொள்ளாச்சி அம்மாவின் டென்ட்ரோபியத்துக்கும் அந்த வழி உண்டு. தொட்டியில் தேறி, குட்டிச்செடி ஒன்று கிடைத்தால், அதை வீட்டு வாசல் மாமரத்தில் கட்டிவிடலாம். அங்கே தொட்டி மாற்றும் வேலை கிடையாது. மண் போடத் தோன்றினாலும் போட இடம் கிடையாது.